பூரான் வராம இருக்க மண்ணெண்ணெய் தெளிக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க கிரவுண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருக்கோம். மழை ஆரம்பிச்சதுல இருந்து பாத்ரூம் பக்கம் பூரானா வருது. ஒன்றரை வயசுப் பையன் இருக்கான், எல்லாரும் பாய் போட்டு தரையிலதான் படுக்கிறோம். மாமியார் மூலைக்கு மூலை மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்றாங்க. தெளிக்கலாமா? கடிச்சுட்டா என்ன பண்றது?

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்மா. பூரான் கடிச்சு உயிருக்கு ஆபத்து வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா தெளிச்சது போக மீதிய பாட்டில்ல ஊத்தி வச்சு, அதை பிள்ளை தண்ணின்னு குடிச்சு, நுரையீரலுக்குள்ள இறங்கி மூச்சுத்திணறலோட ஓடி வர்றது அபூர்வமே இல்ல. பூச்சி சாக்பீஸும் அப்படித்தான், இந்த வயசுல விரலை வச்சுட்டு நேரா வாய்க்குத்தான் கொண்டு போவான்.

பூரான் உடம்பு சீக்கிரம் காஞ்சு போற உடம்பு, ஈரம் இல்லாத இடத்துல ரொம்ப நேரம் தாங்காது, அதோட கரப்பான்பூச்சிதான் அதுக்கு நல்ல சாப்பாடு, அதனால அடிக்கடி வருதுன்னா வீட்ல ரெண்டும் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒழுகுற பைப்பை ஹவுஸ் ஓனர்கிட்ட சண்டை போட்டாவது சரி பண்ண வைங்க. தண்ணி போற ஓட்டைக்கு சின்னச் சின்ன ஓட்டை உள்ள வலை மூடி, பாத்ரூம் கதவுக்கு அடியில ரப்பர் பட்டை. ஈர மிதியடி, அழுக்குத்துணி, சுவரை ஒட்டி அடுக்குன அட்டைப்பெட்டி எல்லாத்தையும் கிளியர் பண்ணுங்க, ராத்திரி சிங்க்ல எச்சில் பாத்திரம் போடாதீங்க. கழுவுறப்போ பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் மட்டும் ஒண்ணா ஊத்திடாதீங்க, குளோரின் கேஸ் வரும்.

கட்டில் இல்லைன்னா கொசுவலை கட்டி ஓரத்தை பாய்க்கு அடியில நல்லா சொருகிட்டுப் படுங்க.

கடிச்சுட்டா சோப்பு போட்டு கழுவிட்டு, பொறுக்கிற சூட்டுல வெந்நீர், 45 டிகிரியைத் தாண்டாம, ஒரு 20 நிமிஷம் முக்கி வைக்கலாம், குழந்தைன்னா சூட்டை முதல்ல உங்க கையில பாருங்க. ஐஸ் வச்சாலும் வலி கேட்கும். பாராசிட்டமால் போதும், டிடி ஊசி போட்டு நாளாச்சுன்னா போட்டுக்கோங்க. கீறி விடுறது, சுண்ணாம்பு தடவுறது எல்லாம் வேண்டாம். குழந்தையைக் கடிச்சா எப்படியும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. (உடம்பெல்லாம் திட்டுத்திட்டா தடிச்சு அரிக்குமே, அதையும் நம்ம ஊர்ல பூரான் கடின்னுதான் சொல்றாங்க, அது பெரும்பாலும் வெறும் அலர்ஜி.)

நீங்க கேட்காத ஒண்ணு, ஆனா தரையில படுக்கிறதால சொல்றேன். பூரான் கடிச்சா சுளீர்னு வலிச்சு எழுப்பி விட்டுடும். கட்டுவிரியன் பாம்பு கடிச்சா தூக்கத்துல பல பேருக்குத் தெரியக்கூட தெரியாது, பல சமயம் பல் தடமும் கண்ணுக்குத் தெரியாது. அதனால கண்ணால பூரானைப் பார்க்காம 'பூரானாத்தான் இருக்கும்'னு படுத்துடாதீங்க. விடியக்காலையில வயித்து வலி, வாந்தி, கண் இமை தொங்குறது, முழுங்க முடியாம போறதுன்னு எது இருந்தாலும் உடனே 108, நேரா விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரி. பூரான்தான்னு தெரிஞ்சாலும் உதடு வீங்கி மூச்சு இழுத்தா அப்பவும் இதேதான்.