மருந்து ஏற்றும் முன் குப்பியைப் படியுங்கள்
செவிலியர் கேள்வி–பதில்

சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்ச் தீர்ந்துவிட்டால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுக்கச் சொல்கிறார்கள். கணக்கை மாற்றிக்கொண்டால் போதும்தானே?
– பொது மருத்துவ வார்டு செவிலியர், திருநெல்வேலி

கணக்கு எளிதுதான். ஆபத்து அடுத்த ஷிஃப்டில் காத்திருக்கிறது. நம் ஊரில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குரியது சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. 40 குப்பியிலிருந்து 20 யூனிட் என்றால் அரை மில்லி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அது 50 என்ற கோட்டில் நிற்கும். விவரம் தெரியாதவர் 20 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. டாக்டர் டோஸைக் கூட்டுவார். மறுநாள் சரியான சிரிஞ்ச் வந்ததும் கூட்டிய டோஸ் முழுதாக உள்ளே போகும்.

தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு.

ஆகவே கணக்கு மாற்றும் பழக்கமே வேண்டாம். குப்பியில் எத்தனை என்று எழுதியிருக்கிறதோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தகத்திலிருந்தோ பக்கத்து வார்டிலிருந்தோ வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில 'யூ' எழுத்து அவசரக் கையெழுத்தில் சுழியமாகி, 4 யூனிட் 40 ஆகிவிடும். சரிபார்க்கக் கூப்பிடும் சக செவிலியரிடம் "இருபது, சரிதானே?" என்று கேட்காதீர்கள். ஆர்டரையும் குப்பியையும் சிரிஞ்சையும் கொடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்பில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கலாமா?
– தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாறிய செவிலியர், சேலம்

கூடாது. தொங்கும் பாட்டிலில் ஊசி போட்டுச் சேர்த்தால், அடர்த்தியான அந்த மருந்து கலக்காமல் அடியிலேயே தங்கும். முதல் சில நிமிடங்களில் செறிந்த பொட்டாசியம் நேராக நரம்புக்குள் போகும், இதயம் நிற்கலாம். கிளாம்பை மூடி, பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகத் திருப்பிக் கலக்கிய பிறகே மாட்டுங்கள். மருந்து, அளவு, நேரம், பெயர் எழுதிய லேபிளை உடனே ஒட்டுங்கள்.

15 சதவீத 10 மில்லி ஆம்பூல் (உடைத்து எடுக்கும் சிறு குப்பி) ஒன்றில் 20 எம்.இ.க்யூ. (மில்லி ஈக்விவலன்ட், பொட்டாசியம் போன்ற உப்புகளை அளக்கும் அலகு) இருக்கிறது. 500 மில்லியில் ஒரு ஆம்பூல் என்பதே கை நரம்புக்கு வழக்கமான உச்சம். மானிட்டர் இல்லாத வார்டில் மணிக்கு 10 எம்.இ.க்யூ.வைத் தாண்டக் கூடாது; அந்தப் பாட்டில் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் முடியக் கூடாது என்று அர்த்தம். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 83 சொட்டு. சிறுநீர் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆம்பூலை நேரடியாக நரம்பில் போடுவது எந்தச் சூழலிலும் கிடையாது. டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் ஒரே டிரேயில் வைக்கும் வார்டை நம்ப முடியாது.

வலிப்பைத் தடுக்கப் போடும் மெக்னீசியம் சல்ஃபேட் அடுத்த டோஸ் நேரம் வந்துவிட்டது, தாய் நன்றாகத் தூங்குகிறார். எழுப்ப வேண்டுமா?
– பிரசவ வார்டு செவிலியர், தஞ்சாவூர்

கட்டாயம் எழுப்புங்கள். அது தூக்கமா, மருந்து மிகுந்த மயக்கமா என்பது எழுப்பினால்தான் தெரியும். நான்கு மணி நேரத்துக்கொரு முறை 5 கிராம் தசையில் போடும் முறையில், ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்றைப் பாருங்கள்: முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் தானாக உதறுவது) இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். முதலில் மறைவது ரிஃப்ளெக்ஸ். மூச்சு அதற்குப் பிறகுதான் தடுமாறும். மூச்சு நன்றாக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

50 சதவீத 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம். எனவே 5 கிராமுக்கு ஐந்து ஆம்பூல், 10 மில்லி. முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லி, கட்டில் அருகிலேயே இருக்கட்டும். அதை நரம்பில் பத்து நிமிடமாக மெதுவாகவே கொடுக்க வேண்டும்.

பாராசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் ஒன்றுதானே?
– குழந்தைகள் வார்டு, பயிற்சி மாணவி

மருந்து ஒன்று, செறிவு வேறு. டிராப்ஸ் பொதுவாக மில்லிக்கு 100 மி.கி.; சிரப் 5 மில்லிக்கு 125 அல்லது 250. பத்து கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. என்றால் டிராப்ஸில் 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. டிராப்ஸை 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு. '6 மில்லி கொடு' என்று மட்டும் எழுதிய ஆர்டரைத் திருப்பி அனுப்புங்கள், மி.கி. எழுதி வரட்டும்.

இரவில் டாக்டர் போனில் சொல்லும் ஆர்டரை எப்படி ஏற்பது?
– அறுவை சிகிச்சை வார்டு, கோவை

கேட்கும்போதே எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, "சரி" என்று வாங்குங்கள். எண்களை நாம் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அவசரம் இல்லாத ஆர்டரையும் புற்றுநோய் மருந்துகளையும் போனில் ஏற்க வேண்டாம்.