மிளகாய் நெடியும் நாய்க்கண்ணும்

அன்புள்ள அம்மா,
என் மகனுக்குப் பத்து மாதம். இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வரும் ஆயா, வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுகிறார். நெடி ஏறாவிட்டால் "பெரிய கண்ணு பட்டிருக்கு" என்கிறார். கணவர் சிரிக்கிறார். இதற்கும், இருட்டிய பிறகு வீடு பெருக்கக் கூடாது என்பதற்கும் விஞ்ஞானக் காரணம் உண்டா?
ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

பெருக்கும் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் காலத்து அகல் வெளிச்சத்தில் பெருக்கினால் தோட்டுத் திருகும் குப்பையோடு போய்விடும். உன் வீட்டில்தான் கரண்ட் இருக்கிறதே.

நெடிக்கு வருகிறேன். மிளகாய் தணலிலோ காய்ந்த சட்டியிலோ கருகினால் காரம் புகையோடு கிளம்பித் தொண்டையைப் பிடிக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயில் விழுந்தால் காரமும் சேர்ந்து எரிந்துவிடும், இருமல் வராது. கண்ணேறு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நெருப்புதான் வேறு. மிளகாயோடு சேர்த்துச் சுற்றிப் போடும் உப்பும் அப்படியே. கல்லுப்புக்குள் அடைபட்ட ஈரம் சூட்டில் ஆவியாகிப் பரலைப் பிளப்பதால் வெடிக்கிறது. கடைத் தூளுப்பைப் போட்டுவிட்டு வெடிக்கவில்லையே என்று பதறாதே. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் மிளகாயைக் கருக்குவது மட்டும் கூடவே கூடாது. சுற்றுவது உள்ளே, போடுவது வாசலுக்கு வெளியே.

விஞ்ஞானம் கேட்டு எழுதத் தெரிந்த உனக்கு, சுற்றும்போது ஆயாவின் வாய் என்ன முணுமுணுக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையா? ஒரு பிடி கல்லுப்பு, கொஞ்சம் கடுகு, காம்போடு மூன்றோ ஐந்தோ மிளகாய், வலம் மூன்று, இடம் மூன்று, தலையிலிருந்து கால்வரை ஓர் இறக்கு. இதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். சொல்லைக் கேட்டால்தான் வரும்: "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, கொள்ளிக்கண்ணு, எல்லாக் கண்ணும் போக." ஊருக்கும் நாய்க்கும் நடுவில் உறவை உட்காரவைத்த குறும்பைப் பார்! சம்பந்தியம்மாள் எதிரே இருந்தாலும் உரக்கச் சொல்லலாம். கோபித்துக்கொண்டால் அது தன் கண்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முதல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. இத்தனை காலத்துக்குப் பிறகும் நம் வீடுகளில் மிளகாய் சுற்றுகிறது. சுற்றும் வாய்தான் பல வீடுகளில் மூடிக்கிடக்கிறது. கேட்டால் "சும்மா சுற்றினால் போதாதா?" என்கிறார்கள். போதாது. வெறும் மிளகாய் சமையலுக்குத்தான்.

வரும் வெள்ளிக்கிழமை கைபேசியில் பதிந்துகொள். உன் கணவருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடு, சிரித்துக்கொண்டே சொல்லட்டும். குழந்தைக்கு இன்னும் துப்பத் தெரியாது; சுற்றி முடித்ததும் துப்பும் மூன்று 'தூ'வையும் அவரே துப்பலாம்.

இந்த வரிசை வீட்டுக்கு வீடு மாறும். ஆயாவிடம் நாய் முந்துகிறதா, உறவு முந்துகிறதா என்று எனக்கு எழுது.