கடற்பாசியில் கதிரியக்கம்: முதலில் பெயரைப் பாருங்கள், அப்புறம் எண்ணை

உலர்ந்த கடற்பாசியில் கிலோவுக்கு 1,500 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்) என்று ஆய்வக அறிக்கை சொல்கிறது. கடல் கெட்டுப்போய்விட்டதா?

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது? பொட்டாசியம்-40, அதாவது பொட்டாசியத்தில் இயற்கையாகவே கலந்திருக்கும் கதிரியக்க வகை, என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். எந்த மூலையில் எடுத்த பொட்டாசியமானாலும் ஒரு கிராமுக்குச் சுமார் 31 பெக்கரல் இருக்கும், பூமி உருவானபோதே வந்து சேர்ந்த சங்கதி அது, அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 125 கோடி ஆண்டுகள். உலர்ந்த பாசியில் 5 சதவீதம் பொட்டாசியம் இருந்தாலே கிலோவுக்கு 1,550 பெக்கரல் வந்துவிடும். அதே பாசி பச்சையாக, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரோடு இருந்தபோது கிலோவுக்கு 155தான். உலர் எடையா ஈர எடையா என்று எழுதாத அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். சீசியம்-137 என்று போட்டிருந்தால் கதை வேறு. அது மனிதன் செய்த அணுப்பிளவின் மிச்சம்.

சாப்பிட்டால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகாதா?

போகாது. பொட்டாசியத்தை உடம்பு ஒரே அளவில் வைத்துக்கொள்ளும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இப்போதே சுமார் 4,000 பெக்கரல் பொட்டாசியம்-40 இருக்கிறது.

கடல்நீரில் யுரேனியம் இருப்பது உண்மையா?

உண்மைதான், லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம். கார்பனேட்டோடு சேர்ந்து கரைந்தே கிடக்கிறது. தோரியம் அப்படியில்லை, தண்ணீரில் நிற்காமல் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும், அதனால்தான் தோரியம் மிகுந்த கருமணல் கரையிலேயேகூட தண்ணீரில் அது மிகச் சொற்பம். கடல்நீரின் கதிரியக்கத்தில் பெரும்பங்கு மறுபடியும் நம்ம பொட்டாசியத்துக்குத்தான், லிட்டருக்கு 12 பெக்கரல் போல. யுரேனியம்-238 அதில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான். கடல் உணவு வழியாக நமக்கு வரும் இயற்கைக் கதிர்வீச்சில் முக்கியப் புள்ளி பொலோனியம்-210 என்ற இயற்கைக் கதிரியக்கத் தனிமம். ஆனால் அதற்குப் பாசியைவிடச் சிப்பி வகைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவியை உலர்ந்த பாசிப் பொட்டலத்தின் மேல் வைத்தேன், 'டிக் டிக்' கொஞ்சம் கூடியது. தூக்கி எறியவா?

வேண்டாம். சோடியம் குறைத்த உப்பு, அதாவது பொட்டாசியம் குளோரைடு கலந்தது, அதன் மேலும் வைத்துப் பாருங்கள், அங்கேயும் கூடும். எந்தத் தனிமம் என்று அந்தக் கருவி சொல்லாது, அதற்குக் காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் காமா நிறமாலைமானி வேண்டும். பொட்டாசியம்-40 அதில் 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரே ஒரு கூரான முகடாக எழுந்து நிற்கும்.

கடற்பாசியில் அயோடின்-131 கண்டார்களாமே, அணுஉலைக் கசிவா?

கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதன் அரை ஆயுள் 8 நாள், ஆக எங்கிருந்தோ புதிதாகத்தான் வந்திருக்க வேண்டும். இந்தக் கதிரியக்க அயோடினால் தைராய்டு சிகிச்சை பெற்றவர்களின் சிறுநீர் கழிவுநீர்க் குழாய் வழியாகக் கடலுக்குப் போய், கெல்ப் போன்ற பழுப்புப் பாசி அதை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்வது பல கரைகளில் பதிவானது. சொல்லப்போனால் கெல்ப்பில் நான் பயப்படுவது கதிரியக்கம் இல்லாத சாதாரண அயோடினுக்குத்தான். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், உலர்ந்த கெல்ப் ஒரு கிராமிலேயே ஆயிரத்தைத் தாண்டிவிடும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.