பாதியில் நிற்கும் படங்கள்: வரைகிற பிள்ளைக்கு இலக்கு வைப்பது எப்படி?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மகன் எந்நேரமும் வரைகிறான், அலமாரி நிறைய நோட்டுகள், ஒன்றுகூடக் கடைசிப் பக்கம் வரை போனதில்லை. "கை நன்றாக இருக்கிறது, இலக்குதான் இல்லை" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவனைக் கேட்டால் "அனிமேஷன் படம் எடுப்பேன், இன்ஸ்டாகிராமில் 10,000 பேர் என்னைப் பின்தொடர வேண்டும்" என்கிறானாம். பக்கத்து வீட்டுப் பையனின் நீட் அட்டவணையைப் பார்த்து இவனுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தீர்கள், அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதற்கு அவனுடைய சோம்பல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீட் படிக்கிற பிள்ளைக்குப் பாடத்திட்டம் அச்சடித்தே இருக்கிறது. எத்தனை பாடம், எப்போது முடியும் என்று முதல் நாளே தெரியும். வரைகிறவனுக்கு எது முடிவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "தினமும் இரண்டு மணி நேரம் ஓவியம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினால், அந்த இரண்டு மணி நேரமும் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பான். ஆரம்பத்தில் உற்சாகம் தானாக வரும். பாதி தாண்டியதும் வரைந்த முகம் கோணலாகும், மனதில் இருந்தது தாளில் வராது, அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவான். இந்த வயதில் வரைகிற பிள்ளைகள் பலரிடம் நான் பார்ப்பது இதுதான்.

அதனால் இப்போதைக்கு ஒரே ஓர் இலக்கு போதும். ஏதாவது ஒன்றைக் குறித்த தேதிக்குள் முடித்து, இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும்.

எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மனதில் பெரிய கதை வைத்திருப்பான், இருக்கட்டும். அதிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, எட்டுப் பக்கக் காமிக்ஸ் போடச் சொல்லுங்கள். ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். விரித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி மறுபடி மடித்தால், அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் தயார். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தால் போதும் என்பதால் செலவு சில ரூபாய்தான்.

ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வதற்குச் செலவைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. பென்சில் கோடு ஜெராக்ஸில் மங்கிப்போகும், மை போட்டே ஆக வேண்டும். மை போடுகிறவன் இந்தக் கோடா அந்தக் கோடா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். உங்கள் மகன் இத்தனை நாளாகத் தள்ளிப்போட்டு வருவது அந்த முடிவைத்தான். வசனத்தை முதலில் எழுதி இடம் ஒதுக்கிவிட்டு, அப்புறம் படத்துக்குப் போகச் சொல்லுங்கள். பாத்திரம் பேசுவதை எழுதுகிற பலூனுக்குள் தமிழ் வாக்கியம் நிறைய இடம் பிடிக்கும். படம் முழுக்க முடிந்தபின் எழுத்தைத் திணிக்கப் பார்த்துச் சலித்துப்போய்ப் பாதியில் விட்டவர்கள் நிறைய.

தேதியை அவனே குறிக்கட்டும், மூன்று வாரம் சரியாக இருக்கும். யாருக்குக் கொடுக்கப் போகிறான் என்பதையும் இப்போதே எழுதி வைக்கட்டும்: பள்ளி ஓவிய ஆசிரியர், அத்தை பிள்ளைகள், வகுப்பு நண்பர்கள். தேதி நெருங்கியும் வேலை பாக்கி இருந்தால் தேதியைத் தள்ளாதீர்கள், படத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பின்னணியை எடுத்துவிடலாம், இரண்டு கட்டத்தை ஒன்றாக்கலாம். அனிமேஷன் ஸ்டுடியோவிலும் அப்படித்தான், சொன்ன நாளில் காட்சி கைக்கு வந்தாக வேண்டும். இப்படி மூன்று நான்கு முடித்துவிட்டான் என்றால், அடுத்ததற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று அவனே சரியாகச் சொல்வான்.

அந்த 10,000 பேர் விஷயத்துக்காக அவனைத் திட்ட வேண்டாம். தன் படத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அவன் கையில் இல்லை. அதை இலக்காக வைத்தால், நன்றாக வரைந்த மாதத்திலும் தோற்றுப்போனதாகவே நினைப்பான். மாதத்துக்கு ஒரு படைப்பை முடித்து இன்ஸ்டாகிராமில் போடட்டும், எண்ணிக்கையை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"இது சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது, முடிந்தால் ஒரு நாள் அவனைக் கூட்டிப் போங்கள். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே பயின்ற ஓவியர்களும் சேர்ந்து 1966இல் உருவாக்கியது. ஓவியத்தை மட்டும் விற்று அன்றைக்குப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானம் இருந்ததால் யாருடைய விருப்பத்துக்கும் வளையாமல் தங்கள் ஓவியத்தை வரைய முடிந்தது. சம்பாத்தியத்துக்கு ஒரு கைத்தொழில், தனக்கென்று ஒரு கலை, இரண்டுக்கும் தனித்தனி இலக்கு. உங்கள் மகனுக்கும் இதையே சொல்வேன். பக்க வடிவமைப்பு, எழுத்துரு வடிவமைப்பு, எடிட்டிங் என்று கூலி கிடைக்கிற வேலை ஒன்றைக் கல்லூரி முடிப்பதற்குள் கற்றுக்கொள்ளட்டும். தன் கதையை அதற்காக நிறுத்தத் தேவையில்லை.

படிப்புக்கு வருவோம். எழும்பூர் பக்கம் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, கட்டணம் குறைவு, சேர்க்கையின்போது வரைந்து காட்டச் சொல்வார்கள். அனிமேஷன்தான் வேண்டும் என்றால் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் (என்.ஐ.டி.) இருக்கிறது, அதன் நுழைவுத்தேர்வு இரண்டு கட்டமாக நடக்கும். ஐஐடிகளில் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர யூசீட் என்ற நுழைவுத்தேர்வை ஐஐடி மும்பை நடத்துகிறது. எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம், ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறைதான். யூசீட்டிலும் கையால் வரைய வேண்டிய கேள்வி உண்டு, அதையும் குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

யூசீட் பிளஸ் டூ படிக்கும்போதே ஜனவரியில் வந்துவிடும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கும். பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து ஓர் ஆண்டை இழந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறார்கள். பிளஸ் டூ ஆண்டின் ஆகஸ்டிலிருந்தே அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள், அந்த ஆண்டின் விதிமுறையை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். "நூறு சதவீதம் வேலை" என்று பலகை வைத்திருக்கும் தனியார் அனிமேஷன் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன், அங்கே படித்தவர்களின் ஷோரீலை, அதாவது அவர்கள் செய்த வேலைகளைத் தொகுத்த சின்ன வீடியோவை, காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பரீட்சை மாதத்தில் நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள். இருபது நிமிடம் விடுங்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களையோ சமையலறையில் நிற்கும் உங்களையோ பார்த்து ஒரு பக்கம் வரையட்டும். கை விட்டுப்போகாமல் இருந்தால் போதும். அந்த மாதத்துக்கு வேறு இலக்கு வேண்டாம்.

முதல் புத்தகம் முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். அதையும், பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணையும், பிளஸ் ஒன்னில் எடுத்திருக்கும் குரூப்பையும் பார்த்துவிட்டு, எந்தத் தேர்வுக்கு முதலில் தயாராக வேண்டும் என்று எழுதுகிறேன்.