மாமாவின் 386ஐ என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலமான என் மாமாவின் 386 கொம்பியூட்டர் அலுமாரிக்கு மேலே துணி போர்த்தபடி கிடக்கிறது. ஒரு பெட்டி நிறையப் பிளொப்பிகளும் (அந்தக் காலத்துச் சேமிப்புத் தட்டுகள்) உண்டு. சின்ன வயதில் 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா' அதில்தான் விளையாடினேன். பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: போடாதீங்கள் தங்கச்சி. முதலில் மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். அந்தக் காலத்து 386கள் பலவற்றில் நிக்கல்-காட்மியம் பற்றரி ஒன்றைப் போர்டோடேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். மெஷின் நின்றிருக்கும்போதும் திகதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது அதன் வேலை. வயது போனால் கசியும். கசிந்தது செப்புத் தடங்களை அரிக்கும். பச்சை பூத்திருந்தால் பற்றரியை வெட்டி எடுத்து, அந்த இடத்தை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவிக் காயவிட வேண்டும். ரேடியோ, ரீவி திருத்துகிற பழைய ஆள் யாரையாவது பிடியுங்கள். போன் கடைப் பொடியனிடம் கொடுத்தால் 'போர்ட் போயிட்டுது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான்.

எனக்குக் கவலை மெஷினை விடப் பிளொப்பிகள்தான். நம்மூர் உப்புக்காற்றும் மார்கழி மழையும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்டதை டிரைவில் போட்டால் தட்டை வாசிக்கிற ஹெட் அழுக்காகி, அடுத்து போடுகிற நல்ல பிளொப்பியையும் கீறிவிடும். சின்னதுகளின் உலோக மூடியைத் தள்ளி, தட்டில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நல்லதுகளை யூஎஸ்பி பிளொப்பி டிரைவில் போட்டு இன்றைக்கே பிரதி எடுங்கள். அந்த டிரைவ் மூன்றரை அங்குலத்துக்குத்தான். ஐந்தேகால் அங்குலப் பெரியதுகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

நம்பிக்கையை விடவேண்டாம். அதே கேமை 1989இல் அப்பிள் 2 கணினிக்கு எழுதிய ஜோர்டன் மெக்னர், அதன் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா, அது இருந்த பிளொப்பிகளை வீட்டில் கண்டெடுத்தார். இருபது வருடம் தாண்டியும் வாசிக்க முடிந்தது. என்ன, அவை திருமலையில் கிடக்கவில்லை!

பிரதி கைக்கு வந்ததும் இன்றைய கணினியில் பழைய கேம்களை ஓட்டுகிற டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். 60 நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளைகள் முதல் முள்ளுக் குழியிலேயே சலித்தால், 'பிரின்ஸ்' என்பதோடு 'மெகாஹிட்' சேர்த்துத் தட்டி, குறுக்கு வழிகளோடு கேமைத் திறக்கிற வித்தையை மாமா சொல்லித் தந்திருப்பாரே!

கேள்வி: பழைய கணினிகளில் 'டர்போ' பட்டன் எதற்கு? அதை அழுத்தினால் கேம் மெதுவாகிறதே!
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: மெதுவாக்கத்தான் ஐயா அது. 1981இல் வந்த ஐபிஎம் பீசியின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். அதைக் கணக்கில் வைத்து எழுதிய கேம்களை வேகமான மெஷினில் போட்டால் கண்ணை மூடித் திறக்குமுன் ஆள் செத்துப்போவார். வேகத்தைக் குறைக்கிற பட்டனுக்கு 'டர்போ' என்று பெயர் வைத்த வியாபாரிக்கு ஒரு கும்பிடு. டொஸ்பொக்ஸில் கொன்ட்ரோலோடு எஃப்11ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 கூட்டும்.

கேள்வி: பேரப்பிள்ளை கண்ட பிறகும் கேம் விளையாடுகிறீர்களாம். வீட்டில் ஏச மாட்டார்களா?
– ஒரு வாசகி, கிண்ணியா

பதில்: ஏசுவார்கள். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருளைப் படிக்க அப்பா ரியூட்டரிக்குக் காசு கட்டினார். சேர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் நாங்கள் 'டிகர்' கேமைப் போட்டோம். அந்த ஏச்சே இன்னும் முடியவில்லை. இப்போது மனைவி ஏசுகிறா, பேத்தி பக்கத்தில் இருந்து விசைப்பலகையைப் பறிக்கிறாள்.