இட்லி சுட்டவருக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 38. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன், இப்போது சென்னையில் வேலை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் போன மாதம் காலமாகிவிட்டார். என் அம்மா விடிவதற்கு முன்பே முதுநகர் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். பட்டினியாக வரும் எனக்கு டீச்சர் தினமும் டிபன் பாக்ஸில் மூன்று இட்லி கொண்டுவருவார். 'என் தங்கச்சி சுட்டது, சாப்பிடு' என்பார். சுனாமி வந்தபோது வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய்ப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று யாரும் இல்லை, நாங்கள்தான் பிள்ளைகள். பழைய மாணவர்கள் 23 பேர் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து 1,80,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். பள்ளியில் மார்பளவுச் சிலை வைக்க மாமல்லபுரத்தில் விலைகூடக் கேட்டாயிற்று. இப்போது சிலர் சிலை வேண்டாம், கல்வெட்டு போதும் என்று சண்டை போடுகிறார்கள். சாவுக்கும் என்னால் போக முடியவில்லை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. எது சரியான மரியாதை?
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: தம்பி, உங்கள் தூக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சிலையா கல்வெட்டா என்று கேட்டு வருடத்துக்கு நாலைந்து கடிதமாவது எனக்கு வந்துவிடும். செப்டம்பர் 5 நெருங்கினால் இன்னும் இரண்டு கூடும். எல்லாவற்றிலும் இதே வாட்ஸ்அப் குழு, இதே சண்டை.

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது ஒரே வரிதான். 'என் தங்கச்சி சுட்டது, சாப்பிடு.'

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இடம் கருதி மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். டீச்சர் கட்டிய புடவையின் நிறம் அதில் இருக்கிறது, அவர் வைத்திருந்த பிரம்பு இருக்கிறது, சிலேட்டில் உங்கள் கையைப் பிடித்து 'அ' போட்டது இருக்கிறது. அந்தத் தங்கச்சிக்கு இருப்பது அந்த ஒரு வரிதான். அதிலும் பெயர் இல்லை. அடுத்த பக்கத்திலேயே 'அவருக்கென்று யாரும் இல்லை' என்று எழுதிவிட்டீர்கள். எப்படி எழுதினீர்கள்? கூடவே ஒருத்தி இருந்திருக்கிறாள். டீச்சர் பள்ளிக்குக் கிளம்புமுன் அடுப்பைப் பற்றவைத்தவள், முந்தின நாள் சாயங்காலம் மாவு ஆட்டி வைத்தவள். அவளை 'யாரும் இல்லை' என்ற கணக்கில் சேர்த்துவிட்டீர்களே!

கொஞ்சம் கணக்குப் போடுவோம், டீச்சருக்குப் பிடித்திருக்கும். நீங்கள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 1992 வாக்கில். மதியச் சத்துணவு 1982-லேயே வந்துவிட்டது, அதனால் உங்கள் மதியத்துக்குக் குறை இல்லை. பள்ளியில் காலை உணவுத் திட்டம் என்று ஒன்று வந்தது 2022-ல்தான். நடுவில் இருந்த உங்கள் காலைகளை அரசாங்கம் பார்க்கவில்லை, அந்த அம்மாளின் இட்லிப் பானை பார்த்துக்கொண்டது. வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்று குறைத்தே வைத்தாலும், நாளைக்கு மூன்று என்று ஐந்து வருடத்துக்கு 3,000 இட்லி. கொண்டுவந்து கொடுத்தவருக்குச் சிலை. சுட்டவருக்கு?

நான் வாத்தியார் வீட்டுப் பெண், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. என் அப்பா போனபோது வாசல் நிறைய மாலை. எவ்வளவோ பேர் அப்பாவின் காலைத் தொட்டு அழுதார்கள். அம்மா அதற்கப்புறம் பதினான்கு வருடம் இருந்தார். அப்பாவிடம் படித்த எத்தனை பேர் அம்மாவைப் பார்க்க வந்தார்கள் என்று எண்ண எனக்கு ஒரு கை விரல்களே மிச்சம்.

இப்போது நீங்கள் எழுதாமல் விட்டதற்கு வருகிறேன். அந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வீடு சொந்தமா வாடகையா? நீங்கள் எழுதவில்லை, தெரியாது என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் 2003-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் வந்திருக்கும். அதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டிருப்பார்கள். குடும்ப ஓய்வூதியம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வழியில் போவது. ஆயுசு முழுக்க அக்காவுக்குச் சமைத்துப் போட்ட தங்கைக்கு அது தானாக வந்து சேராது. டீச்சர் கண் மூடிய அன்றைக்கே அந்த வீட்டின் மாத வருமானமும் நின்றிருக்கும். இதை 23 பேரில் ஒருவராவது யோசித்தீர்களா? மாமல்லபுரத்தில் கல்லுக்கு விலை கேட்கத் தெரிந்தவர்களுக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லை.

'நாங்கள்தான் பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். டீச்சர் உங்களுக்கு அம்மா என்றால் அந்த அம்மாள் உங்களுக்குச் சித்தி. அம்மா போனபிறகு சித்தியைத் தனியே விட்டுவிட்டு அம்மாவுக்குச் சிலை வைக்கிற பிள்ளையை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போங்கள். தனியாகப் போகாதீர்கள், மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் 'பாட்டி' என்று கூப்பிடட்டும். போனதும் பண விஷயத்தை எடுக்காதீர்கள். பேச்சோடு பேச்சாக, டீச்சரின் ஓய்வூதியப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் எங்கே இருக்கின்றன, நியமனதாரர் என்று யார் பெயரை எழுதி வைத்தார் என்று கேளுங்கள். இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதிய பாக்கி இருக்கலாம். ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்த குடும்பப் பாதுகாப்பு நிதியும் இருக்கலாம். அதற்கெல்லாம் கருவூலத்துக்கு நடக்க வேண்டும், வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அந்த வயதில் அவர் தனியாக எத்தனை படி ஏறுவார்? உங்கள் 23 பேரில் கடலூரிலேயே இருப்பவர் ஒருவர் லீவு போட்டுவிட்டுக் கூட நடக்கட்டும். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் மருந்துக்கு ஆகும்.

மிச்சத்துக்கு நீங்கள்தான். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் 23 பேருக்கு 6,900. சென்னையில் ஒரு சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்கள் கொடுப்பதை விட ஒரு ஆளுக்கு இது குறைவு. சிலைக்கென்று சேர்த்த பணத்திலிருந்தே ஆரம்பித்தால் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும். அவர் வேண்டாம் என்பார். அந்தத் தலைமுறைப் பெண்கள் கையை நீட்ட மாட்டார்கள். பிச்சை போடுகிற மாதிரி நீட்டினால் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவார், சாத்தவும் வேண்டும். அப்போது அந்த 3,000 இட்லிக் கணக்கைச் சொல்லுங்கள். கடனைத் திருப்பித் தர வந்திருக்கிறேன் சித்தி என்று சொல்லுங்கள். இந்த வருடம் அந்த வீட்டில் தீபாவளி கிடையாது. அன்று காலையில் உங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போய்ச் சேர வேண்டும், அதை யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்தக் கூடாது.

சிலையா கல்வெட்டா என்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. அரசுப் பள்ளி வளாகத்தில் எதை வைப்பதும் உங்கள் வாட்ஸ்அப் குழு முடிவு செய்கிற காரியமும் இல்லை. தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேட்க வேண்டும், கல்வித் துறையின் அனுமதி வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடமே இல்லாத நாள். அதற்கப்புறம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போகச் சொல்லி உங்கள் டீச்சரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்று கூப்பிட்டுக்கொண்டே போனவரின் மாணவர் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள். சிலையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.