தேனீ தேடி வரும் ஓரப் பாத்தி

கேள்வி: வருடா வருடம் புதிதாக நடாமல், மாதக்கணக்கில் பூத்து, தேனீயையும் வரவழைக்கும் செடி தோட்டத்து ஓரத்துக்கு எது?

பதில்: நான் முதலில் சொல்வது நீலச் சால்வியா. முதல் சுற்றுப் பூ வாடியதும் தண்டைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். அடுத்த சுற்று வந்துவிடும். அப்புறம் கைலார்டியா. வாடியதைக் கிள்ளக் கிள்ளப் பூக்கும். சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் என்பதால் கடைசிப் பூக்களை விதைக்கு விடுங்கள்.

ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வைக்காதீர்கள். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். ஐந்தாறு செடிகள் சேர்ந்திருக்கட்டும். அடுக்குப் பூ ரகம் எவ்வளவு அழகானாலும் எனக்கு மனம் ஒப்பாது: பல ரகங்களில் மகரந்தக் கேசரங்களே இதழாக மாறிவிடுவதால் தேனீ வெறுமனே திரும்பும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.